5,550 கி.மீ.தான், ஆனால் போக 8 மணி, வர 7 மணி. ஏன்?

ஜனவரி 9, மாலை 6:12 (கேள்வி)

லண்டன் – நியூயார்க் விமான தூரம் சுமார் 5,550 கி.மீ., பயண நேரம் 6 மணி 40 நிமிடம் என்று ஒரு தளம் காட்டுகிறது. கையில் இருக்கும் டிக்கெட்டில் போக 8 மணி நேரம், திரும்பி வர 7 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. ஒரே பாதை, ஒரே தூரம்தானே? பூமி சுற்றுவதால்தான் இந்த வித்தியாசம் என்கிறான் நண்பன். தளம், டிக்கெட், நண்பன், இந்த மூன்றில் எதை நம்புவது?

ஜனவரி 9, இரவு 8:30

முதலில் நண்பரைக் கழித்துவிடலாம். அவர் சொல்வதில் திசையே தலைகீழ்.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. அவர் கணக்குப்படி விமானம் லண்டனுக்கு மேலே எழும்பி அப்படியே அந்தரத்தில் நின்றாலே போதும், 5 மணி நேரத்தில் நியூயார்க்கின் தீர்க்கரேகை கீழே வந்துவிடும். அப்படியானால் மேற்கே போவதுதான் சீக்கிரம் முடிய வேண்டும். டிக்கெட்டிலோ மேற்கே போகத்தான் 8 மணி நேரம். உண்மையில் காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது, விமானம் அந்தக் காற்றுக்குள் பறக்கிறது. ரன்வேயில் நிற்கும்போதே அதற்கும் அந்த வேகம் இருக்கிறது. அதனால் சுழற்சியால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

காரணம் காற்று. தரையிலிருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், பெரிய விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே பாய்கிறது. குளிர்காலத்தில் சில நாள் மணிக்கு 300 கி.மீ.யைக்கூடத் தாண்டும். கிழக்கே வரும்போது முதுகில் தள்ளும், மேற்கே போகும்போது நெஞ்சில் அறையும்.

அந்தக் காற்று ஏன் கிழக்குப் பக்கமாகவே ஓடுகிறது என்று கேட்டால், வெப்ப மண்டலத்திலிருந்து துருவத்துப் பக்கம் நகரும் காற்றைப் பூமியின் சுழற்சி வளைத்துவிடுவதால். ஆக, சுற்றி வளைத்துப் பார்த்தால் நண்பருக்கும் ஒரு ஆறுதல் பரிசு உண்டு. அவரிடம் சொல்ல வேண்டாம்.

ஜனவரி 9, இரவு 11:05

அந்தத் தளத்தின் 6:40 எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். தூரத்தை மணிக்கு 900 கி.மீ. என்ற வேகத்தால் வகுத்தால் 6 மணி 10 நிமிடம். ஏற, இறங்க என்று அரை மணி நேரம் கூட்டினால் 6:40. அவ்வளவுதான் சூத்திரம். எந்தத் திசை, எந்த மாதம், என்ன விமானம், எதுவும் கேட்காது. சில தளங்கள் 800-ஆல் வகுக்கின்றன, அங்கே இதே பயணம் 7 மணி 26 நிமிடம் என்று வரும்.

இது பொய் என்று சொல்லமாட்டேன். காற்றே இல்லாத உலகத்தின் நேரம் அது.

ஜனவரி 10, காலை 7:20

கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "போகும்போது தடுக்கிற காற்று வரும்போது தள்ளுமே, கூட்டிக் கழித்தால் சமம்தானே?" எனக்கும் வெகுநாள் அப்படித்தான் தோன்றியது. கணக்குப் போட்டால் சமம் வராது.

தூரம் 5,400 கி.மீ. என்று வைப்போம். விமானம் மணிக்கு 900. காற்றில்லாவிட்டால் போக 6, வர 6, மொத்தம் 12 மணி நேரம். இப்போது 100 கி.மீ. காற்று. வரும்போது 1,000 வேகம், 5 மணி 24 நிமிடம். போகும்போது 800, 6 மணி 45 நிமிடம். மொத்தம் 12 மணி 9 நிமிடம். காற்றை 200 ஆக்குங்கள். வர 4:55, போக 7:43, மொத்தம் 12 மணி 37 நிமிடத்தை ஒட்டி வரும். காற்று இரண்டு மடங்கானால் நட்டம் நாலு மடங்கு.

எதிர்க்காற்றில்தான் அதிக நேரம் மாட்டிக்கொண்டிருக்கிறோம், பின்காற்றில் கொஞ்ச நேரம்தான் சுகம். அதனால்தான் சமம் ஆகாது. காற்று 900 ஆனால்? வரும்போது 3 மணி நேரம். போகும்போது லண்டனுக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நேற்றைய நண்பர் அங்கே காத்திருப்பார்.

ஜனவரி 10, மதியம் 1:45

"ஒரே பாதை" என்று கேள்வியில் இருந்ததை நேற்று விட்டுவிட்டேன். ஒரே பாதை இல்லை.

வட அட்லாண்டிக்கின் நடுவே ரேடார் எட்டாது என்பதால், அன்றைய காற்றைப் பார்த்துத் தினம் இரண்டு முறை தடங்கள் போடுகிறார்கள். பகலில் மேற்கே போகிறவர்களுக்கு ஒரு கொத்து, இரவில் கிழக்கே வருகிறவர்களுக்கு ஒரு கொத்து. கனடாப் பக்கம் கேண்டர், ஐரோப்பாப் பக்கம் ஷான்விக், இந்த இரண்டு விமானக் கட்டுப்பாட்டு மையங்களும் சேர்ந்து பார்த்துக்கொள்கின்றன. வருகிறவர்களின் தடங்கள் ஜெட் ஸ்ட்ரீமின் மேலேயே விழும். போகிறவர்களின் தடங்கள் அதிலிருந்து விலகி, சில நாள் வடக்கே கிரீன்லாந்துப் பக்கம்கூட ஒதுங்கும். ஆக, 5,550 என்பது ரூலரில் அளந்த தூரம். விமானம் உண்மையில் ஓடுவது அன்றன்றைக்கு வேறு.

ஜனவரி 10, இரவு 10:15

கொஞ்சம் சொந்த அனுபவம்.

விமானத்தில் ஏறியதும் படம் போடுகிறவன் இல்லை நான். முன் சீட்டின் திரையில் வரைபடத்தை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது ஒரு வியாதி மாதிரி தெரியும். நியூயார்க்கிலிருந்து இரவில் கிளம்பும் விமானத்தில் ஒரு முறை, சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து விளக்கை அணைத்த நேரம், தரைவேகம், அதாவது தரையை வைத்துப் பார்த்தால் வரும் வேகம், மணிக்கு 1,040 கி.மீ. இருந்தது. அப்புறம் 1,090. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தைத் தாண்டியதும் 1,150. பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒலியின் வேகத்தை நெருங்குதே, ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்டார். ஆகாது. விமானத்துக்குத் தெரிந்தது தன்னைச் சுற்றியுள்ள காற்று மட்டும்தான், அந்தக் காற்றில் அது வழக்கமான 900-ல்தான் போகிறது. மீதி 250 அந்தக் காற்றே நகர்கிற வேகம். ஓடும் ரயிலுக்குள் நடப்பது போல. ரயில் 100-ல் போனாலும் நடக்கிறவருக்கு மூச்சு வாங்காது.

2020 பிப்ரவரியில் சியாரா புயல் நேரத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. தரைவேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,327 கி.மீ. கான்கார்டைக் கழித்தால் பயணிகள் விமானத்தில் அந்த வழிக்கு அது சாதனை என்று அப்போது செய்தி வந்தது. கான்கார்டின் கதை தனி. 1996 பிப்ரவரி 7 அன்று அது 2 மணி 52 நிமிடம் 59 விநாடியில் வந்தது. அது காற்றின் தயவு இல்லாமலே காற்றில் ஒலியை மிஞ்சியது.

என் பயணத்துக்கு வருவோம். முக்கால் மணி நேரம் முன்னதாகவே லண்டன் வந்தாயிற்று. அப்புறம்? வானத்தில் வட்டம். ஹீத்ரோவுக்கு வருகிறவர்களை அடுக்கி வைத்துச் சுற்றவிட நாலு இடங்கள் உண்டு: போவிங்டன், லாம்போர்ன், ஓக்கம், பிகின். அதில் ஒன்றில் சுற்றினோம். ஜன்னலில் சூரியன் இடது பக்கம் வந்தது, மறைந்தது, மறுபடி இடது பக்கம். இறங்கிய பிறகு கேட் காலி இல்லை என்று டாக்ஸிவேயில் நிறுத்திவைத்தார்கள். கதவு திறந்தபோது டிக்கெட்டில் போட்ட நேரத்துக்கு ஐந்து நிமிடம் பாக்கி. "குறித்த நேரத்துக்கு முன்பே வந்து சேர்ந்தோம்" என்று பெருமையாக அறிவிப்பு வேறு. அந்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம், எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள்.

ஜனவரி 11, காலை 9:00

மேலே சொன்னதிலிருந்து ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் இல்லை. கேட்டிலிருந்து சக்கரத்துக்கான கட்டையை எடுப்பது முதல், போய்ச் சேர்ந்த கேட்டில் கட்டை வைப்பது வரை உள்ள நேரம். தரையில் ஊர்வது, வரிசையில் நிற்பது, வட்டமடிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். அதோடு கொஞ்சம் கூட்டிப் போட்டும் வைப்பார்கள். குறித்த நேரத்துக்கு 15 நிமிடத்துக்குள் வந்தால் "சரியான நேரம்" என்று கணக்கு, அந்தப் புள்ளிவிவரத்தில் நல்ல பெயர் வாங்க வேண்டாமா?

ஊர்வது என்றதும் ஞாபகம் வருகிறது. ஆம்ஸ்டர்டாமில் போல்டர்பான் என்ற ரன்வேயில் இறங்கினால், டெர்மினல் வந்து சேரவே கால் மணி நேரம் ஆகும். நெடுஞ்சாலைக்கு மேலே பாலத்தில் விமானம் ஊர்ந்து போகும், கீழே கார்கள். விமானம் இறங்கிவிட்டது, ஊர் மட்டும் இன்னும் வரவில்லை.

ஜனவரி 11, காலை 9:40

இரண்டு தளங்கள் இரண்டு தூரம் காட்டுகின்றன என்று ஒருவர் படம் போட்டிருந்தார். ஒன்று ஊர் நடுவிலிருந்து அளக்கும், இன்னொன்று விமான நிலையத்திலிருந்து. டோக்கியோ நரிட்டா ஊர் நடுவிலிருந்து 60 கி.மீ. தள்ளி இருக்கிறது, வித்தியாசம் வராமல் என்ன செய்யும். அப்புறம், பூமியைச் சரியான உருண்டை என்று வைத்து 6,371 கி.மீ. ஆரத்தில் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. துருவத்தில் சற்று அமுங்கிய வடிவத்தில் போடுகிறவர்களும் உண்டு. நடுக்கோட்டு ஆரத்துக்கும் துருவ ஆரத்துக்கும் 21 கி.மீ. வித்தியாசம். இதனால் தூரத்தில் அதிகபட்சம் அரை சதவீதம் மாறும். அட்லாண்டிக் பயணத்தில் இரண்டு நிமிடம்கூட இல்லை. இதற்கெல்லாம் சண்டை வேண்டாம். இன்னொன்று, கடல் மைல் என்பது 1.852 கி.மீ., சாதாரண மைல் 1.609. அதை மாற்றிப் பிடித்தால்தான் பெரிய குழப்பம்.

ஜனவரி 12, மாலை 5:30

"தூரம் குறைந்தால் நேரம் குறையும், இதில் என்ன பெரிய ஆராய்ச்சி" என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். அவருக்காகவே இது.

டெல்லி – சான் பிரான்சிஸ்கோ. பூகோள உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் குறுக்கு வழி சுமார் 12,400 கி.மீ., வட துருவத்துப் பக்கமாகப் போகும். ஏர் இந்தியா இந்த வழியை முதலில் அட்லாண்டிக் பக்கமாக ஓட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பாதை சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் திசையையே மாற்றினார்கள். டெல்லியிலிருந்து கிழக்கே கிளம்பி பசிபிக்கைக் கடந்து போவது. இந்தப் பாதை 15,300 கி.மீ. அதாவது 1,400 கி.மீ. கூடுதல்.

நேரம்? பதினாலரை மணி. பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு.

இதை முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஒரு காகிதத்தை எடுத்து வகுத்துப் பார்த்தேன். 15,300-ஐ 14.5-ஆல் வகுத்தால் சராசரி மணிக்கு 1,055 கி.மீ. ஏறி இறங்குகிற நேரமும் அதற்குள் இருக்கிறது. வழி முழுக்க காற்று 150, 200 என்று தள்ளிக்கொண்டே போனால்தான் அந்த எண் வரும். பழைய வழியில் அதே காற்று எதிரே நின்றது. 13,900-ஐ 16.5-ஆல் வகுத்தால் 842.

இதில் எனக்குப் பிடித்தது திரும்பும் வழி. வரும்போது அதே விமானம் வந்த வழியே திரும்பவில்லை. அமெரிக்காவைக் கடந்து, அட்லாண்டிக்கைக் கடந்து, மறுபடியும் கிழக்கு நோக்கியே டெல்லி வந்தது. போனது கிழக்கே, வந்ததும் கிழக்கே. ஒவ்வொரு போய்-வரும் பயணத்திலும் உலகத்தை ஒரு சுற்று. மகெல்லனின் ஆட்களுக்கு மூன்று வருடம் பிடித்த வேலை இது, இங்கே பயணிகள் பாதித் தூரம் தூங்கிக்கொண்டே செய்தார்கள்.

ஆகவே "இந்த இரண்டு ஊருக்கு இடையே எத்தனை கி.மீ." என்று கேட்பதைவிட "எந்தப் பக்கமாகப் போகிறார்கள்" என்று கேட்பதுதான் நேரத்தைச் சொல்லும்.

ஜனவரி 12, இரவு 9:10

நூல் என்றதும் சிலர் வரைபடத்தில் ரூலர் வைத்துப் பார்த்து, டெல்லியிலிருந்து துருவம் ஏன் வருகிறது என்று கேட்கிறார்கள். சுவரில் தொங்கும் வரைபடத்தில் ரூலர் வைக்காதீர்கள். 1569-ல் மெர்காட்டர் அதைக் கப்பல்காரர்களுக்காகப் போட்டார், ஒரே திசைகாட்டி முனையில் போகும் பாதை அதில் நேர்கோடாக வரும். அதற்கு விலை, துருவத்துப் பக்கம் எல்லாம் ஊதிவிடும். குறுக்கு வழி அதில் வளைவாகத் தெரியும், நேர்கோடு உண்மையில் சுற்று வழி. உருண்டையும் நூலும் போதும்.

ஜனவரி 14, காலை 6:50

டெல்லிக் குறிப்பைத் திரும்பப் படித்தேன். காற்றை மட்டும் கதாநாயகன் ஆக்கிவிட்டது போல இருக்கிறது. இன்னொரு ஆள் இருக்கிறார்: அனுமதி.

ஹெல்சின்கி – டோக்கியோ. நூல் வைத்தால் சுமார் 7,800 கி.மீ., முழுக்க ரஷ்யாவின் மேலே. ஒன்பதரை மணி நேரத்தை ஒட்டிய பயணமாக இருந்தது. "ஆசியாவுக்குக் குறுக்கு வழி" என்பதை வைத்தே ஃபின்லாந்தின் விமான நிறுவனமான ஃபின்னேர் தன் தொழிலைக் கட்டியிருந்தது. 2022 பிப்ரவரி கடைசியில் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. இப்போது 13 மணி நேரம். ஒன்று, வட துருவத்தைச் சுற்றி அலாஸ்கா பக்கம் இறங்க வேண்டும். இல்லை, தெற்கே மத்திய ஆசியாவைச் சுற்ற வேண்டும். துருவம் வழியே போன பயணிகளுக்குச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். மூன்றரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்ததற்கு ஒரு காகிதம்.

இரண்டு ஊரும் ஒரு அடிகூட நகரவில்லை. தளத்தில் தூரம் அன்றும் 7,800, இன்றும் 7,800.

இந்தியப் பக்கத்திலும் இதே கதை. 2019 பிப்ரவரி முதல் ஜூலை வரை பாகிஸ்தான் வான்வெளி மூடியிருந்தபோது டெல்லியிலிருந்து மேற்கே போனவை எல்லாம் தெற்கே அரபிக்கடல் வழியாகச் சுற்றின. டெல்லி – இஸ்தான்புல் போன ஒரு சிறிய ரக விமானத்துக்கு எரிபொருள் போதாமல் தோஹாவில் இறங்கி நிரப்பிக்கொண்டு போக வேண்டி வந்தது. 2025 ஏப்ரலில் மறுபடி மூடினார்கள்.

ஜனவரி 14, இரவு 8:00

"அப்புறம் ஏன் பைலட் கொஞ்சம் அழுத்தக் கூடாது?"

அழுத்தலாம், ஆனால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. 787, ஏ350 போன்ற பெரிய விமானங்கள் ஒலியின் வேகத்தில் 0.85 பங்கில் போகின்றன. அதை 0.87 ஆக்கினால் லண்டன் – நியூயார்க்கில் 9 நிமிடம் மிச்சம், எரிபொருளோ அதைவிட வேகமாக ஏறும். ஒரு நிமிடத்தின் மதிப்பையும் எரிபொருளின் மதிப்பையும் எடைபோட்டு ஒரு எண்ணைக் கணினிக்குக் கொடுத்துவிடுகிறார்கள், அதுதான் வேகத்தை முடிவு செய்கிறது. சின்ன விமானங்கள், அதாவது ஏ320, 737 வகை, 0.78 ஒட்டித்தான் பறக்கும், மணிக்கு 830 கி.மீ. அளவு. மேலே நான் எடுத்த 900 பெரியவற்றுக்கானது. அதே வழியில் சின்ன விமானம் போட்டால் அரை மணி நேரம் கூடக் கேட்கும்.

ஜனவரி 15, மாலை 4:25

திசைதிருப்புகிறேன், மன்னிக்கவும். ஜெட் ஸ்ட்ரீமை முதலில் அளந்தவர்களில் ஒருவர் வசபுரோ ஓய்ஷி, ஜப்பானில் தடெனோ என்ற இடத்தில் வானிலை ஆய்வகத்தை நடத்தியவர். 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு, அவை போகும் வேகத்தைப் பார்த்துக் காற்றைக் கணக்கிட்டார். உலகமே படிக்கட்டும் என்று அறிக்கையை 1926-ல், எல்லா நாட்டவருக்கும் பொதுவாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார். உலகத்தில் கிட்டத்தட்ட யாரும் படிக்கவில்லை. 1944-ல் அமெரிக்க பி-29 விமானங்கள் ஜப்பானுக்கு மேலே உயரத்தில் போய் அதே காற்றில் முட்டிக்கொண்டு முழித்தபோதுதான் பலருக்கு விஷயம் உறைத்தது.

ஜனவரி 15, மாலை 4:40

ஒருவர் 6:40 தளத்தில் ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் உள்ள வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே வழியைப் போட்டுப் பார்த்தாராம். தூரம் 2.7 கி.மீ., "பயண நேரம் 30 நிமிடம்". ஏற இறங்க அரை மணி நேரம் கூட்டும் சூத்திரமாயிற்றே. உண்மையில் அட்டவணையில் 2 நிமிடம், சாதனை 53 விநாடி. காற்று சரியாக இருந்தால்!

ஜனவரி 17, காலை 10:10

டிக்கெட்டில் கிளம்பும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் கழித்துப் பார்த்துவிட்டு "மூன்று மணி நேரத்தில் நியூயார்க்" என்று எழுதியவருக்கு: இரண்டும் அந்தந்த ஊர் நேரம். லண்டன் நியூயார்க்கைவிட 5 மணி நேரம் முன்னால்.

அதிலும் மார்ச்சில் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கா கோடை நேரத்துக்கு மார்ச் இரண்டாம் ஞாயிறே மாறிவிடும், பிரிட்டன் கடைசி ஞாயிறுதான் மாறும். நடுவில் இரண்டு மூன்று வாரம் வித்தியாசம் 4 மணி நேரம்தான். இது தெரியாமல் 5 போட்டுக் கழித்தால், 8 மணி நேரப் பயணம் 9 ஆகத் தெரியும், திரும்பி வருவது 6 ஆகத் தெரியும். "மார்ச்சில் காற்று பயங்கரம்" என்று போன வருடம் ஒரு இழையே ஓடியது. காற்று இல்லை, கடிகாரம்.

டோக்கியோவில் மாலை கிளம்பி லாஸ் ஏஞ்சலஸில் அதே நாள் காலை இறங்குவது எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை. என் விருப்பம் சமோவாவின் ஏபியா – அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோ. சமோவா 2011 டிசம்பர் 30 என்ற நாளையே விழுங்கிவிட்டுத் தேதிக் கோட்டின் மறுபக்கம் தாவியது. இப்போது இரண்டு ஊருக்கும் கடிகாரத்தில் ஒரே மணிதான், தேதி மட்டும் ஒரு நாள் வித்தியாசம். பக்கத்துத் தீவு, சின்ன விமானம். சனிக்கிழமை காலை கிளம்பினால் வெள்ளிக்கிழமை காலை இறங்கலாம். வேலை பாக்கி வைத்தவர்களுக்கு உகந்த வழி. திரும்பி வரும்போது அந்த நாளைக் கொடுத்துவிட வேண்டும்.

ஜனவரி 18, இரவு 9:30

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, "கதை போதும், நான் எந்த எண்ணை எடுத்துக்கொள்வது?" என்கிறார். நியாயம்.

தூரத்தைத் தளத்தில் எடுங்கள், அது சரியாகவே இருக்கும். நேரத்தை அங்கே எடுக்காதீர்கள். விமானங்களைப் பின்தொடரும் தளங்களில் உங்கள் விமான எண்ணைப் போட்டால், கடந்த சில நாட்களில் அது எத்தனை மணிக்கு எழும்பியது, எத்தனை மணிக்கு இறங்கியது என்று வரிசையாக வரும். அதுதான் இந்தப் பருவத்தின் காற்று, இன்று திறந்திருக்கும் வான்வெளி, அவர்கள் போடும் விமானம் எல்லாம் சேர்ந்த எண். அதில் மிக நீளமானதை எடுத்து, இரண்டு பக்கமும் தரையில் ஊர்வதற்கு மொத்தம் அரை மணி நேரம் சேருங்கள். டிக்கெட்டில் போட்டதை ஒட்டி வந்தால் நிம்மதி. சராசரியை எடுத்து நம்பாதீர்கள், நீங்கள் ஏறுவது ஒரே ஒரு விமானத்தில்.

ஜனவரி 19, காலை 7:05

அவர் இன்னொன்றும் கேட்டிருக்கிறார், முன்னமே சொல்லியிருக்கலாம்: பிப்ரவரியில் பயணம், நியூயார்க்கில் இறங்கி ஒன்றரை மணி நேரத்தில் சிகாகோ விமானம்.

போதாது. எதிர்க்காற்று மோசமாக இருக்கும் பருவத்தில், அதுவும் மேற்கே போகும் பக்கத்தில் இணைப்பை வைத்திருக்கிறீர்கள். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றப் பரிசோதனை, அங்கேயே பெட்டியை எடுத்து சுங்கம் கடந்து மறுபடி போட வேண்டும், அப்புறம் பாதுகாப்புச் சோதனை வரிசை. இரண்டும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், தவறினாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு, கொஞ்சம் துணிந்து பார்க்கலாம். தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான். நியூயார்க்கில் இறங்கியதிலிருந்து மூன்றரை மணி நேரம் தள்ளி சிகாகோ விமானத்தைப் போடுங்கள். இன்றைக்கே மாற்றினால் நல்லது, கடைசி வாரத்தில் இடம் இருக்காது.

ஜனவரி 19, காலை 7:20

தனித்தனி டிக்கெட்தான் என்கிறார். மூன்றரை வேண்டாம், ஐந்து.